குண்டு விழுந்த நகரத்தில் ஒரு குழந்தையின் நாட்குறிப்பு

போர் முடிந்த இரண்டாவது வருடம் அது. முகாம்களிலிருந்து ஊர் திரும்பியிருந்த பிள்ளைகளுக்காக ஒரு சின்னச் சஞ்சிகை செய்வோம் என்று நாங்கள் நான்கு பேர் சேர்ந்தோம். எட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை. போட்டோப் பிரதி எடுத்து நடுவில் இரண்டு கம்பி அடித்தால் சரி. படம் வரைவது என் பொறுப்பு. ஒரு கிழமை இரவிரவாக இருந்து வரைந்தேன். கூரை இல்லாத வீடு, தலை இல்லாத பனை, வாசலில் காத்திருக்கும் அம்மா. முதல் பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, எட்டோ ஒன்பதோ வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆறுதலாகப் புரட்டினாள். பிறகு, இதில் சிரிப்புப் படம் ஒன்றும் இல்லையா என்று கேட்டாள்.

இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சஞ்சிகையும் அந்த ஒரு இதழோடு நின்றுபோனது.

அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து பெரியவளாகியிருப்பாள். அவளுடைய கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. ஜப்பானியச் சித்திரக்காரர் ஒசாமு தெசுகாவின் வாழ்க்கையை நான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கியதற்கு அதுதான் காரணம். அஸ்ட்ரோ போய் என்ற இயந்திரச் சிறுவனை உருவாக்கியவர் என்று அவரை உலகம் அறியும். ஜப்பானியச் சித்திரக்கதைகளான மங்காவுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் என்றும் சொல்வார்கள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய பெரிய படைப்புகளில் ஒன்றல்ல. 1946 ஜனவரி 4 ஆம் திகதி, ஒசாகா நகரில் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடங்கிய நான்கு கட்டச் சித்திரக்கதை அது. அச்சில் வந்த அவருடைய முதல் வேலை. அப்போது அவருக்கு வயது 17. ஜப்பான் சரணடைந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அதன் பெயர் மாச்சானின் நாட்குறிப்பு. எங்கள் காதுக்கு மச்சான் என்றுதான் கேட்கும். சான் என்பது ஜப்பானிய மொழியில் சிறு பிள்ளைகளின் பெயரோடு செல்லமாகச் சேர்க்கும் ஒட்டு. நாங்கள் குஞ்சு, குட்டி என்று சேர்த்துக் கூப்பிடுவதைப் போல. மாச்சான் இன்னும் பள்ளிக்கூடம் போகாத ஒரு குழப்படிக்காரன். அவனுக்கு தொன்சான் என்று ஒரு கூட்டாளி. இருவரும் வீட்டிலும் தெருவிலும் செய்கிற குறும்புகள்தான் கதை. மார்ச் 31 ஆம் திகதி வரை, மூன்று மாதம் வந்து முடிந்துபோனது. தெசுகாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதற்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நான் அந்த ஒரு வரியில்தான் நின்றேன். எரிந்த உடல்களை ஆற்றங்கரையில் பார்த்து ஏழு மாதம் ஆன ஒரு பதினேழு வயதுப் பையன், முதன்முதலில் அச்சில் இடம் கிடைத்தபோது ஏன் ஒரு குழந்தையின் குறும்பை வரைந்தான்?

பூச்சியிடமிருந்து எடுத்த பெயர்

தெசுகா 1928 நவம்பர் 3 ஆம் திகதி ஒசாகாவுக்கு அருகிலுள்ள தொயொனாகாவில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். ஐந்து வயதளவில் குடும்பம் தகராசுகா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பெண்களே ஆண் வேடமும் போட்டு ஆடிப்பாடும் நாடகக் குழுவுக்குப் பெயர்போன ஊர் அது. தாய் அவரை அந்த நாடகங்களுக்குக் கூட்டிப் போவார். வீட்டில் சித்திரக்கதைப் புத்தகங்களை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு குரலில் வாசித்துக் காட்டுவார். தந்தைக்குப் படக்கருவிகளில் பைத்தியம். வீட்டிலேயே ஒரு சிறிய திரைப்படக் கருவி வைத்திருந்தார். சாப்ளினையும் டிஸ்னியின் படங்களையும் சிறுவன் தன் வீட்டுச் சுவரிலேயே பார்த்து வளர்ந்தான்.

வகுப்பில் அவர் சிறிய உருவம். சுருட்டைத் தலைமயிர், கண்ணாடி. மற்றப் பிள்ளைகள் கேலி செய்து அழவைப்பார்கள். வரையத் தொடங்கியதும் அந்தப் பிள்ளைகளே சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு கொப்பி முழுவதும் கதை வரைந்தார். அது ஆசிரியரின் கையில் அகப்பட்டது. அடி விழும் என்று பயந்திருந்தவருக்கு அடி விழவில்லை. ஆசிரியர்கள் அதைக் கைமாற்றி வாசித்தார்கள். ஒரு ஆசிரியர் அன்றைக்கு அந்தக் கொப்பியைக் கிழித்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

பூச்சி பிடிப்பதும் அவருக்குப் பெரிய விருப்பம். ஒசாமுஷி என்று ஒரு வண்டினம் உண்டு. தன் பெயர் அதற்குள் இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, பெயரின் கடைசியில் பூச்சி என்று பொருள்படும் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். அந்த எழுத்தைச் சேர்த்தாலும் பெயரை ஒசாமு என்றே வாசிக்க வேண்டும். இறக்கும் வரை அந்தப் பூச்சியோடுதான் கையெழுத்து வைத்தார்.

கழிவறையில் ஒட்டிய கதைகள்

1941 இல் ஜப்பான் அமெரிக்காவோடும் பிரித்தானியாவோடும் போரில் இறங்கியது. அந்த வருடம்தான் தெசுகா கிதானோ நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தார். சீனாவில் போர் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டவை அந்த ஜப்பானின் விமானங்கள்தான். சயாம் ரயில் பாதை வேலையில் மாண்டுபோன மலாயாத் தமிழர்களைக் கொண்டுபோனதும் அந்த இராணுவம்தான். தெசுகாவின் தலைமுறைப் பிள்ளைகள் அந்த அரசின் வெற்றிப் பாட்டுகளைப் பாடி வளர்ந்தவர்கள். பிறகு அந்த அரசு தொடங்கிய நெருப்பு அவர்களுடைய கூரை மேலேயே விழுந்தது. குண்டு போட்ட நாட்டின் பிள்ளை என்பதற்காக, பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளை பிள்ளையில்லை என்று ஆகிவிடாது.

1944 இல் உடல் பலவீனமான மாணவர்களைத் திடப்படுத்துவதற்கென்று நடத்தப்பட்ட ஒரு பயிற்சி முகாமுக்கு அவர் அனுப்பப்பட்டார். சாப்பாடு போதாது. இரண்டு கைகளிலும் தோல்நோய் பிடித்துப் பரவியது. கைகளை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். ஒரு வைத்தியர் காப்பாற்றினார். தானும் வைத்தியராக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

பிறகு மாணவர்கள் எல்லோரையும் வேலைக்கு இழுத்தார்கள். தெசுகா இராணுவத்துக்காக வேலை செய்த ஒரு தொழிற்சாலைக்குப் போனார். சித்திரக்கதை வரைவது அந்த நாளில் உதவாக்கரை வேலை மட்டுமல்ல, நாட்டுப்பற்று இல்லாதவன் என்ற பெயரையும் வாங்கித் தரும். அவர் ஒளித்து ஒளித்து வரைந்தார். வரைந்ததை யாராவது வாசிக்க வேண்டுமே. அதற்கு அவர் கண்ட வழி கழிவறை. தாள்களைக் கழிவறைக்குள் ஒட்டிவைத்தார். உள்ளே வருகிறவர்கள் நிம்மதியாக வாசித்துவிட்டுப் போகலாம். கோடிக்கணக்கான மங்காப் பிரதிகள் விற்ற மனிதரின் முதல் வாசகசாலை அதுதான்.

போர் முடியும்போது அவரிடம் அச்சேறாத ஏறக்குறைய 3,000 பக்கங்கள் இருந்தனவாம். இதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பதுங்குகுழிதான் நினைவுக்கு வந்தது. பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் செய்திப் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடிக்கப்பட்டு வந்தன. ஒரு பென்சிலைக் கட்டையாகும் வரை சீவிச் சீவி எழுதிய பிள்ளைகள் நாங்கள். கிடைத்த தாளில் எல்லாம் நான் விமானம் வரைந்தேன். வேறெதுவும் வரைந்த ஞாபகமில்லை.

தெசுகாவும் அப்போது போரைத்தான் வரைந்தார். 1945 இல் வரைந்த ஒரு கையெழுத்துப் பிரதி எஞ்சியிருக்கிறது. அதற்கு வெற்றி நாள் வரை என்று பெயர். பெயரைப் பார்த்தால் அரசின் பிரசாரம் போலத்தான் தெரியும். ஆனால் அதில் ஓரிடத்தில், விமானத்திலிருந்து சுடப்படும் சித்திரக்கதைச் சிறுவன் ஒருவனின் உடலிலிருந்து இரத்தம் வழிகிறது. அதுவரை சித்திரக்கதை உலகில் யாரும் இப்படிச் சாவதில்லை. மலையிலிருந்து விழுந்தாலும் குண்டு வெடித்தாலும் அடுத்த கட்டத்தில் எழுந்து ஓடுவார்கள். ஒட்சுகா எய்ஜி என்ற ஜப்பானிய விமர்சகர் இந்த ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு நீளமாக எழுதியிருக்கிறார். கோட்டுச் சித்திரத்துக்குள் சாகக்கூடிய உடல் வந்து சேர்ந்த இடம் அது என்பது அவருடைய கருத்து. எனக்கு அந்த ஆராய்ச்சி முழுவதும் விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் குண்டுவீச்சுக்கு நடுவே வரைகிற பிள்ளையின் பென்சில் பொய் சொல்லாது என்பது விளங்கியது.

யொதோ நதிக்கரை

1945 மார்ச் 13 ஆம் திகதி இரவு ஒசாகா மீது முதல் பெரிய குண்டுவீச்சு நடந்தது. விடியும்போது சுமார் 4,000 பேர் இறந்திருந்தார்கள். மரத்தாலும் காகிதத்தாலும் கட்டிய வீடுகள் நிறைந்த நகரம் என்று தெரிந்துதான் எரிகுண்டுகளைப் போட்டார்கள். ஓகஸ்ட் 14 வரை, அதாவது சரணடைவதற்கு முதல் நாள் வரை, பெரும் தாக்குதல்கள் தொடர்ந்தன.

ஏப்ரல் மாதத்தில், எரிந்துபோன நகரின் நடுவில் எஞ்சி நின்ற ஒரு திரையரங்குக்கு தெசுகா படம் பார்க்கப் போனார். ஜப்பானியக் கடற்படைக்காகத் தயாரிக்கப்பட்ட மொமொதாரோ என்ற கார்ட்டூன் படம். 74 நிமிடம். பிரசாரப் படந்தான். ஆனால் பாட்டும், விலங்குக் குட்டிகளும், காற்றில் பறக்கும் விதைகளும் அதில் இருந்தன. படத்தைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் நகரில் இல்லை. கிராமங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்த அரங்கில் இருந்து அவர் அழுதார். என்றைக்காவது தானும் ஒரு கார்ட்டூன் படம் எடுப்பது என்று அன்றே தீர்மானித்தார்.

ஜூனில் அவருடைய முறை வந்தது. தொழிற்சாலையின் கண்காணிப்புக் கோபுரத்தில் காவலுக்கு நின்றபோது விமானங்கள் வந்தன. ஓடி இறங்க நேரமில்லை. தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டு படுத்தார். பக்கத்தில் குண்டு விழுந்தது. கீழே இருந்தவர்கள் இறந்தார்கள். அவர் தப்பினார். யொதோ நதிக்கரைக்கு ஓடினார். பாதுகாப்பு என்று நினைத்து அங்கே ஒதுங்கியிருந்தவர்களின் உடல்கள் குவிந்து கிடந்தன. இது உண்மையில் நடக்கிறதா, அல்லது தான் ஏற்கெனவே செத்துவிட்டேனா என்று அவருக்குத் தெரியவில்லை. பாதுகாப்பு வலயம் என்று சொல்லி ஒதுங்கிய இடத்தில் குண்டு விழுவது என்னவென்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு அவர் தொழிற்சாலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்து வரைந்துகொண்டேயிருந்தார். ஜூலையில் ஒசாகாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். ஓகஸ்ட் 15 இல் போர் முடிந்தது. அன்றிரவு ஒசாகா நகருக்குப் போனவர், உமேதா நிலையத்தருகே இருந்த பெரிய அங்காடியில் விளக்குகள் எரிவதைப் பார்த்தார். எத்தனை வருட இருட்டடிப்புக்குப் பிறகு ஒரு நகரம் வெளிச்சத்தில் நிற்கிறது. தான் உயிரோடு இருப்பது அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பிற்காலத்தில் எங்கே பேசினாலும் இந்த இரவைச் சொல்வார்.

மை பூசிய புத்தகங்கள்

மாச்சான் பிறந்த மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தூரிகையும் மையும் கொடுத்தார்கள். எழுதுவதற்கு அல்ல. தங்கள் பாடப்புத்தகங்களில் போரைப் புகழ்ந்த வரிகளைத் தாங்களே அழிப்பதற்கு. எந்தப் பக்கம், எந்த வரி என்று ஆசிரியர் சொல்வார். போன மாதம் வரை அந்த வரிகளை மனப்பாடம் செய்யச் சொன்னவரும் அதே ஆசிரியர்தான். சில பக்கங்கள் முழுவதும் கறுப்பாகின.

1945 இல் நெல் விளைச்சல் மிக மோசம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அளவு தானியம் என்று பங்கீடு. அதுவும் ஒழுங்காக வராது. அரிசிக்குப் பதிலாக வற்றாளைக் கிழங்கு வரும், சில நாட்களில் அதுவும் வராது. தாய்மார் கிமோனோக்களைக் கொண்டுபோய்க் கிராமங்களில் கொடுத்து உணவு வாங்கி வந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் புகையிரத நிலையங்களில் படுத்தார்கள். 1948 இல் அரசு எடுத்த கணக்கின்படி அப்படி அநாதைகளான பிள்ளைகள் 120,000 பேருக்கு மேல்.

பிள்ளைகளுக்கென்று வந்த பத்திரிகையின் பெயர் ஷோகொகுமின் ஷிம்புன். மைனிச்சி நிறுவனத்தின் வெளியீடு. ஷோகொகுமின் என்றால் சிறு குடிமக்கள். பள்ளிப் பிள்ளைகளை இனிப் பிள்ளைகள் என்று கூப்பிடக் கூடாது, அரசுக்காக வளரும் சிறு குடிமக்கள் என்றே சொல்ல வேண்டும் என்று போர்க்காலத்தில் வந்த பெயர் மாற்றம். போர் முடிந்த பிறகும் கொஞ்ச காலம் அந்தப் பெயர் பத்திரிகையின் நெற்றியில் இருந்தது. அந்தப் பெயருக்குக் கீழேதான் மாச்சான் வந்தான். அவன் குடிமகன் அல்ல. வெறும் பிள்ளை.

வாய்ப்பு கிடைத்த விதம் எளிமையானது. மைனிச்சி நிறுவனத்தில் வேலை செய்த ஒரு பெண் தெசுகாவின் அயலில் இருந்தார். அவர் காட்டிய வழியில் பத்திரிகைக்குத் தன் படங்களை அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள்.

நான்கு கட்டச் சித்திரக்கதைக்கு ஜப்பானில் ஒரு பழைய இலக்கணம் உண்டு. முதல் கட்டத்தில் தொடங்க வேண்டும். இரண்டாவதில் வளர வேண்டும். மூன்றாவதில் எதிர்பாராத ஒரு திருப்பம். நான்காவதில் முடிவு. சொல்ல இலகு. செய்துபார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சிரிப்பு வேண்டும். மாச்சானின் உலகத்தில் பங்கீடும் உண்டு, பற்றாக்குறையும் உண்டு, தெருவில் அமெரிக்கச் சிப்பாய்களும் உண்டு. நாட்டின் நிலைமையை மறைத்து ஒரு கனவு ஊரை தெசுகா வரையவில்லை. அந்த நிலைமைக்குள் ஒரு குழந்தையை இறக்கிவிட்டார். பெரியவர்களுக்குத் துயரமாக இருப்பது குழந்தைக்கு ஒரு புதினம். சிரிப்பு அந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

எனக்கு ஜப்பானிய எழுத்து வாசிக்கத் தெரியாது. படங்களைத்தான் பார்த்தேன். கோடுகள் மிகச் சாதாரணம். பின்னாளில் அவர் வரைந்த பிரமாண்டமான பக்கங்களோடு ஒப்பிட்டால் ஒரு பள்ளிக்கூடப் பையனின் கை தெரிகிறது. பள்ளிக்கூடப் பையன்தானே. ஆனால் ஒரு கோட்டில்கூட நடுக்கம் இல்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார். தெருவில் அமெரிக்கச் சிப்பாய்கள் அவரை மறித்து ஏதோ கேட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். தோற்றுப்போன நாட்டில், துவக்கு வைத்திருக்கிறவனின் மொழி தெரியாமல் நிற்பதன் அவமானம் அவருக்குள் நெடுங்காலம் இருந்தது. மனிதனும் இயந்திரனும், மனிதனும் விலங்கும், ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள முடியாமல் மோதுவதை அவர் வாழ்நாள் முழுவதும் வரைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் மாச்சானின் நான்கு கட்டங்களுக்குள் அந்த அடியை அவர் கொண்டுவரவில்லை. அது வாசிக்கும் பிள்ளைகள் சுமக்க வேண்டிய பாரம் இல்லை என்று நினைத்தாரோ, அல்லது தொடவே முடியாத அளவுக்குப் புண் பச்சையாக இருந்ததோ. இரண்டும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

வைத்தியரும் சித்திரக்காரரும்

பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான்கு கட்டங்கள் அவருக்குப் போதவில்லை. சித்திரக்கதைகள் எல்லாம் நாடக மேடையை ஒரே கதிரையில் இருந்து பார்ப்பதுபோல் இருக்கின்றன என்று அவர் நினைத்தார். தந்தையின் திரைப்படக் கருவி காட்டியதுபோல் கண் கிட்டப் போக வேண்டும், தூர விலக வேண்டும், ஓட வேண்டும். 1947 இல் சக்காய் ஷிச்சிமா என்ற மூத்த சித்திரக்காரரின் கதைக்கு அவர் வரைந்த புதிய புதையல் தீவு வெளிவந்தது. மலிவுத் தாளில் அச்சடித்து, இனிப்புக் கடைகளிலும் தெருவோரத்திலும் விற்கிற வகைப் புத்தகம். 400,000 பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். அதை வாசித்த பிள்ளைகளில் பலர் பின்னர் தாங்களே பெயர்பெற்ற சித்திரக்காரர்கள் ஆனார்கள்.

இவ்வளவும் மருத்துவ மாணவனாக இருந்துகொண்டே செய்தவை. இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டி வந்தபோது தாயிடம் கேட்டார். எது உனக்கு உண்மையில் விருப்பம் என்று தாய் திருப்பிக் கேட்டார். மங்கா என்றார். அப்படியென்றால் அதையே செய் என்று தாய் சொல்லிவிட்டார். ஆனாலும் படிப்பை இடையில் விடவில்லை. 1951 இல் பட்டம் பெற்று, அடுத்த வருடம் வைத்தியருக்கான தேசியப் பரீட்சையிலும் சித்தியடைந்தார். 1961 இல் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் வாங்கினார். நோயாளியைப் பார்த்துப் பிழைப்பு நடத்தவில்லை.

1950 இல் காட்டுச் சக்கரவர்த்தி என்ற சிங்கக்குட்டியின் கதை. 1952 இல் அஸ்ட்ரோ போய். 1963 ஜனவரி 1 இல் அஸ்ட்ரோ போய் தொலைக்காட்சியில் வாராந்தத் தொடராக வந்தது. வெறும் திரையரங்கில் அழுதபடி எடுத்த தீர்மானத்தை 18 வருடம் கழித்து நிறைவேற்றினார். 1973 இல் அவருடைய படத் தயாரிப்பு நிறுவனம் கடனில் மூழ்கி மூடப்பட்டது. இவருடைய காலம் முடிந்தது என்றார்கள். அந்த வருடமே, அனுமதிப்பத்திரம் இல்லாத சத்திரசிகிச்சை நிபுணன் ஒருவனின் கதையைத் தொடங்கினார். பிளாக் ஜாக் அது. பத்து வருடம் ஓடியது.

28 வருடம் கழித்து

1974 இல் தெசுகா ஒரு சிறுகதை வரைந்தார். காகிதக் கோட்டை என்று பெயர். தொழிற்சாலையில் வேலை செய்யும் மாணவன் ஒருவன் ஒளித்து ஒளித்துச் சித்திரக்கதை வரைகிறான். பாடகியாகக் கனவு காணும் ஒரு பெண் அவனுக்குத் தோழியாகிறாள். குண்டுவீச்சு வருகிறது. நகரம் எரிகிறது. உடல்கள் கிடக்கின்றன. அந்தப் பெண்ணின் முகம் எரிந்துபோகிறது. மாணவனின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். அது அவருடைய கதைதான் என்று எல்லோருக்கும் தெரியும். மாச்சான் வந்து 28 வருடங்களுக்குப் பிறகு, யொதோ நதிக்கரையை அவர் வாசகர்களுக்குக் காட்டினார். 1983 இல் தொடங்கிய அடோல்ஃப் என்ற நீண்ட கதையில், ஜேர்மனியின் நாசிகளோடு தன் நாட்டு இராணுவவாதத்தையும் சேர்த்து விசாரணைக்கு எடுத்தார்.

இந்த வருடக் கணக்கைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. துயரத்தை உடனே, முழுவதுமாகச் சொல்லாவிட்டால் இறந்தவர்களுக்குத் துரோகம் செய்கிறோம் என்று. சிரித்தால் மறந்துவிட்டோம் என்று. தெசுகா சிரிப்பைத்தான் முதலில் கொடுத்தார். மறக்கவில்லை. மறந்திருந்தால் காகிதக் கோட்டை வந்திருக்காது. அதற்கு அவருக்கு ஒரு முழு ஆயுளின் பாதி தேவைப்பட்டது. சாட்சியைச் சொல்லும் வேலை பெரியவர்களுக்கு இருக்கிறது, அதை எந்த நீதிமன்றத்திலும் எந்தத் தெருவிலும் நின்று சொல்ல வேண்டும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் கையில் முதலில் கொடுக்க வேண்டியதும் அதுதானா? பதினேழு வயதில் தெசுகா அப்படி நினைக்கவில்லை.

அவர் 1989 பெப்ரவரி 9 ஆம் திகதி வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். 60 வயது. கடைசி நாட்களிலும் படுக்கையில் இருந்தபடி வேலை செய்ய விடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். முடிக்காத கதைகள் மேசையில் இருந்தன. வாழ்நாளில் வரைந்தவை ஏறக்குறைய 150,000 பக்கங்கள். 1994 இல் தகராசுகாவில் அவர் பெயரில் ஒரு நினைவுக்கூடம் திறந்தார்கள்.

போன மாதம் நான் பழைய கொப்பி ஒன்றை எடுத்து நான்கு கட்டம் போட்டேன். எங்கள் முகாம் வாழ்க்கையில் நடந்த ஒன்று. நிவாரண வரிசையில் அம்மாவுக்கு முன்னால் நிற்கிற சின்னவனின் கையிலிருந்து ஆடு ஒன்று குடும்ப அட்டையைப் பறித்துத் தின்றுவிடுகிறது. அன்றைக்கு அம்மா இருந்து அழுதார். புது அட்டை எடுக்கப் பன்னிரண்டு நாள் அலைந்தோம். இப்போது வீட்டில் யாராவது ஆடு என்று சொன்னாலே போதும், முதலில் சிரிப்பது அம்மாதான். மூன்றாவது கட்டம் சரியாக வரவில்லை. ஆட்டின் முகத்தை நாலைந்து தரம் அழித்து வரைந்தேன். நேற்று இரவு ஒருமாதிரி முடிந்தது. இனி எட்டு வயதில் யாராவது பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.